மழைத்தோட்டம் வேண்டாம், மழைப்பாத்தி என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் ஓடிவரும் மழைநீரை ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் இறக்கி, அதில் செடிகளை வளர்த்து, ஓரிரு நாளுக்குள் நீரை மண்ணுக்குள் போகவிடும் அமைப்புக்கு (ஆங்கிலத்தில் rain garden) தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன: மழைத்தோட்டம், மழைப்பூங்கா, மழை ஏந்தல், உறிஞ்சுகுழி. நான் இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே நின்று பார்த்தால் நான்குமே இடறுகின்றன.

கோவை நண்பர் முன்வைத்த மழைத்தோட்டம் தமிழகத்துக்குப் பொருந்தலாம். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். 'எந்தத் தோட்டம்?' என்று கேட்டால் ஒருவர் தாம் பிறந்து வளர்ந்த இடத்தைச் சொல்வார். தோட்டப் பாடசாலை, தோட்ட வைத்தியசாலை, தோட்டத்துரை என்று கோப்பிக் காலத்திலிருந்து படிந்துவிட்ட பொருள் அது. லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) பின்புறம் மூன்று மீற்றர் நீளத்துக்கு வெட்டிய பள்ளத்தைக் காட்டி மழைத்தோட்டம் என்றால், கேட்பவர் மனத்தில் மலைமலையாகத் தேயிலைதான் விரியும். பூங்கா என்பதும் அளவில் பெரியது, அதை விட்டுவிடலாம்.

ஏந்தல் எனக்கு மிகவும் பிடித்த சொல். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்கிறது. ஆனால் அது நீரைத் தேக்கி வைக்கும் இடம். நமது பள்ளத்தில் நீர் தங்கவே கூடாது. ஏடிஸ் நுளம்பு (கொசு) முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். 24 மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் 48 மணி நேரத்தில் நீர் வடிந்துவிட வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நிலை. பெயரிலேயே தேக்கம் இருந்தால், டெங்கு அச்சம் உள்ள வீட்டுக்காரர் வேண்டாம் என்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அவர் பக்கம்தான் நிற்பார்.

உறிஞ்சுகுழி ஏற்கெனவே கழிவுநீருக்கு உரிமையாகிவிட்டது. மேலும் அதில் செடி இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜோர்ஜஸ் மாவட்டத்தில் 1990 அளவில் இந்த முறை உருப்பெற்றபோதே, மண்ணும் வேரும் சேர்ந்து ஓடுநீரின் அழுக்கைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது நோக்கத்தின் பாதி. செடியில்லாத சொல் பாதிப் பொருளைத் தொலைத்துவிடுகிறது.

ஆகவே மழைப்பாத்தி என்று முன்மொழிகிறேன். பாத்தி என்றதும் வரம்பு, மண், செடி, பாய்ச்சிய நீர் சுவறுவது (மண்ணில் ஊறி இறங்குவது) எல்லாம் ஒன்றாகக் கண்முன் வருகின்றன. பாத்தி என்ற சொல்லுக்குப் பதுளை ஐயா கூறும் மறுப்பு நியாயமானது: நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் லீக்ஸும் கரட்டும் உயர்த்திய பாத்திகளில் வளர்வதால், பாத்தி என்றதும் மேடு நினைவுக்கு வருகிறது என்கிறார். ஆனால் உயரத்தைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் மேட்டுப்பாத்தி என்றுதானே சொல்கிறோம்? பாத்திக்குள்ளேயே மேடு அடங்கியிருந்தால் அந்த அடைமொழிக்கு வேலை இல்லை. தொழில்நுட்ப நூலில் தாழ்பாத்தி என்பதை வகைப்பெயராக வைத்து, அதன் ஒரு வகையாக மழைப்பாத்தியைச் சேர்க்கலாம்.

பேராதனையில் தாவரவியல் படிக்கும் தங்கை அனுப்பிய செடிப்பட்டியலை வைத்தே இந்தச் சொல்லைச் சோதித்தேன். பள்ளத்தின் அடி, சரிவு, மேல்விளிம்பு ஆகிய மூன்றுக்கும் ஈரவலயம், இடைவலயம், உலர்வலயம் என்று அவர் பெயரிட்டிருக்கிறார். இலங்கையில் இது பெருங்குழப்பம் தரும். பாடசாலைப் புவியியலில் இவை தீவின் காலநிலைப் பிரிவுகள். 'ஈரவலயச் செடி' என்று எழுதினால் மழை மிகுந்த இரத்தினபுரியா, பள்ளத்தின் அடியா என்று மாணவர் திகைப்பார். பாத்தியடி, பாத்திச்சரிவு, பாத்திக்கரை என்றால் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

பாத்தியடிக்கு வல்லாரையும் கோரையும் நல்ல தேர்வு. வல்லாரையைக் குனிந்து பாருங்கள்: தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒவ்வொரு கணுவிலும் புதிய இலைக்கொத்தை எழுப்புகிறது. தகரக் கூரையிலிருந்து விழும் நீர் மண்ணைக் கோடு கோடாக அரிக்கும் இடத்தில் அப்படி ஒரு பிடிப்புத்தான் வேண்டும். பாத்திச்சரிவில் போவிட்டியா என்ற புதர்ச்செடி. முரட்டு இலை, ஊதா நிறத்தில் நான்கு இதழ், எட்டு மகரந்தக் கேசரம்; ஈரலுக்கு நல்லது என்று இலையைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் நிறைய. சிங்களப் பெயரையே நாமும் வழங்கிவருகிறோம். அதற்கு வலிந்து புதுப்பெயர் கட்ட வேண்டாம். அதனருகே மஞ்சள் கேசரம் துருத்தி நிற்கும் பினரப் பூ. கரைக்கு மானாப்புல். ஓய்ந்த தேயிலை மண்ணைத் தேற்ற மானா நடுவதைத் தோட்டத்தில் எல்லோரும் அறிவார்கள். நிழல் இருந்தால் மரப்பன்னம். (தமிழக நண்பர்கள் பெரணி என்பார்கள், இங்கே பாடநூலில் பன்னம்.) மகா ரத்மலையும் பட்டியலில் கண்டேன். பெருமைக்குரிய மரம், ஆனால் மரம். வீட்டோரப் பாத்திக்கு ஆகாது. அதன் கன்றுக்காக, அது வளரும் ஹோட்டன் சமவெளியில் கை வைக்கவும் முடியாது, அது 1988 முதல் தேசிய பூங்கா.

'நாட்டுச்செடி' என்ற தலைப்பை மட்டும் மாற்றும்படி தங்கையைக் கேட்டுக்கொள்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் கண்ணில் பட்ட எதையும் நாட்டுச்செடி என்று சொல்லிவிடுகிறோம். கண்டி வீதியோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோவிலிருந்து வந்தது. நாயுண்ணியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். ஈரம் கண்ட இடத்தில் பரவும் இத்தகைய செடியைப் பாத்தியில் நட்டால், பெருகும் நீரோடு அதன் விதையும் ஓடைக்குப் போகும். சுதேசச் செடி என்பதே திருத்தமான சொல். அதோடு பட்டியலில் மேற்குச்சரிவு (ஹட்டன் பக்கம்), ஊவா (பண்டாரவளைப் பக்கம்) என்று இரண்டு நிரல்களும் வேண்டும். ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே மாதங்களில் பண்டாரவளையில் வறண்ட காற்று, மழை வருவது ஒக்டோபருக்குப் பிறகு. இங்கே வாரக்கணக்கில் நனைந்து நிற்கும் செடி அங்கே யூலையில் கருகிவிடும்.

இனி மிக முக்கியமானது. மலைச்சரிவில் நீரை மண்ணுக்குள் இறக்குவது ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் சரிந்து லயங்களை மூடிய மண்ணை யாரும் மறந்திருக்க மாட்டோம். சரிவான நிலத்திலும், லயத்துக்கு மேலுள்ள மண்திட்டிலும், நிலத்தில் வெடிப்புக் கண்ட இடத்திலும் மழைப்பாத்தி வெட்டவே கூடாது. அங்கே நீரைக் கான் (வடிகால்) வழியே வெளியேற்றுவதுதான் பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இந்த எச்சரிக்கையை வரைவிலக்கணத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

மிகைநீர் வெளியேறும் வாய்க்கு 'வழிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். குளம் நிரம்பி வழிந்தால் 'வான் பாய்கிறது' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. வான் என்றே வைத்துக்கொள்வோம்.

கலைச்சொல் பதிவுக்கான வரைவு இது:

மழைப்பாத்தி: வீட்டு அத்திவாரத்திலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி, மண்சரிவு அபாயமற்ற சமதரையில், ஓடிவரும் மழைநீரை ஏற்று இரண்டு நாளுக்குள் மண்ணில் சுவறவிடும், சுதேசச் செடிகள் நட்ட தாழ்பாத்தி. உறுப்புகள்: அடி, சரிவு, கரை, வான்.

'சுவறவிடும்' என்பது தமிழக நண்பர்களுக்குப் பழக்கமில்லை என்றால் 'ஊறி இறங்கவிடும்' என்று மாற்ற எனக்கு மறுப்பில்லை. 'சமதரையில்' என்பதை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம்.