லேப்வியூ பழக செலவில்லாத வழி இருக்கா? அவசரம்

மட்டக்குளி_மின்:
லேப்வியூ (வயர் இழுத்துப் படமாப் புரோகிராம் எழுதுற சொஃப்ட்வெயார்) பழகவேணும். ஒரு இடத்தில மூன்று மாச கோர்ஸுக்கு 85,000 கேக்கினம், அவ்வளவு ஏலாது. ஃப்ரெண்ட் தந்ததைப் போட்டன், ஃபைல் திறக்குதில்லை, எரர் 1125. அதோட இணைக்கிற ஆர்டுயினோ போர்டும் வேலை செய்யுதில்லை. அடுத்த கிழமைக்குள்ள வேணும்.

வெள்ளவத்தை_வயர்:
எந்த வேர்ஷன்? விண்டோஸா? கம்பஸுக்கா, சும்மா பழகவா? "வேலை செய்யுதில்லை" எண்டா என்ன நம்பர் காட்டுது?

தெமட்டகொட_டயோட்:
1125 எண்டா ஃபைல் புது வேர்ஷனில சேவ் பண்ணினது, உங்கட லேப்வியூ பழசு. தந்தவரை ஃபைல் மெனுவில 'சேவ் ஃபோர் பிரீவியஸ் வேர்ஷன்' குடுத்துத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கோ. ஆர்டுயினோ புறக்கோட்டையில வாங்கின மலிவு யூனோ மொடல்தானே? கண்ண மூடிக்கொண்டு சொல்லுவன், அதின்ட யூஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் இல்லை.

பழைய_ஓம்:
இந்தக் கேள்வி மாசத்துக்கு மூன்று தரம் வருது. தேடிப்பாக்க ஒருத்தருக்கும் கை வராது. 2020இல இருந்து கம்யூனிட்டி எடிஷன் இலவசம். லேப்வியூவை ஆர்டுயினோவோட பேசவைக்கிற லிங்க்ஸ் (LINX) எண்ட டூல்கிட்டும் அதோடயே வருது. காசு உழைக்கிற வேலைக்கும் பட்டப்படிப்பு நிறுவனத்துப் பாடத்துக்கும் பாவிக்கக்கூடாது. கம்பஸ் பிள்ளை எண்டா லெப் பொறுப்பாளரிட்ட மாணவர் லைசன்ஸ் கேள். ஃப்ரெண்ட் தந்ததை முதல்ல அழி.

வெள்ளவத்தை_வயர்:
ஓஃப்லைன் இன்ஸ்டோலரை இரவு டேட்டாவில இறக்குங்கோ, பல ஜிபி வரும். போர்ட்டோட பேசுற என்ஐ-விசா டிரைவரையும் போடவேணும், இல்லாட்டி போர்ட்டே தெரியாது. பிறகு டூல்ஸ் மெனுவில மேக்கர்ஹப், லிங்க்ஸ், ஃபேர்ம்வெயார் விசார்ட் எண்டு போய் லிங்க்ஸின்ட ஃபேர்ம்வெயாரை போர்டில ஏத்துங்கோ. இடையில ஆர்டுயினோவுக்குப் புரோகிராம் எழுதுற ஐடிஇயில இருந்து வேற ஸ்கெட்ச் (புரோகிராம்) ஏத்தினா அந்த ஃபேர்ம்வெயார் அழிஞ்சுபோகும், விசார்டைத் திரும்ப ஓட்டவேணும். கோர்ஸே தேவையில்லை, ஹெல்ப் மெனுவில 'ஃபைண்ட் எக்ஸாம்பிள்ஸ்' திறந்து, பல்ப் ஐகனை அமத்தி, வயர் வழியா டேட்டா ஓடுறதைப் பாருங்கோ. யூடியூப்பில லேப்வியூ என்எக்ஸ்ஜி எண்டு இருக்கிற வேற வேர்ஷனைத் தொடாதேங்கோ. அதை நிறுத்தியாச்சு, ஸ்க்ரீனே வேற மாதிரி.

கிரான்ட்பாஸ்_கோட்:
இதெல்லாம் ஏன் மச்சான், பைதன் படி. படமா இழுத்து எழுதத்தான் வேணும்னா ஸ்க்ராட்ச் இருக்கு, நோட்-ரெட் இருக்கு, எல்லாம் ஃப்ரீ.

பழைய_ஓம்:
ஸ்க்ராட்ச்சோட ஒப்பிடுறவர் லேப்வியூ திறந்தே பாத்திருக்கமாட்டார். அங்க கட்டைகள் மேலிருந்து கீழ வரிசையா ஓடும். இங்க ஒரு நோடுக்கு (ஒரு வேலை செய்யிற பெட்டி) எல்லா இன்புட்டும் வந்து சேர்ந்தாத்தான் அது ஓடும். ரெண்டு வைல் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடுற பகுதி) வயர் இல்லாமப் பக்கத்தில வச்சா ரெண்டும் ஒரே நேரத்தில ஓடும்.

கிரான்ட்பாஸ்_கோட்:
ஸ்க்ராட்ச்சிலயும் ரெண்டு பச்சைக்கொடி வச்சா ரெண்டும் ஓடும். நோட்-ரெட்டுக்கு மட்டும் பதில் காணோம்?

பழைய_ஓம்:
நோட்-ரெட்டில ஒவ்வொரு மெசேஜும் தனித்தனியாத்தான் வரும், ரெண்டு இன்புட்டைச் சேர்க்க ஜொயின் நோட் போடவேணும். அது இல்லாமச் சேர்த்துக் காட்டு பாப்பம்.

மட்டக்குளி_மின்:
2014 வேர்ஷன், விண்டோஸ் 10. இப்ப கம்யூனிட்டி போட்டன், ஃபைல் திறக்குது. ஆர்டுயினோவுக்கு -1073807246.

தெமட்டகொட_டயோட்:
சிஎச்340 டிரைவர்.

வெள்ளவத்தை_வயர்:
இல்லை. டிரைவர் இல்லாட்டி போர்ட்டே இராது, -1073807343 மாதிரித்தான் வரும். 7246 எண்டா போர்ட் இருக்கு, வேற புரோகிராம் பிடிச்சு வச்சிருக்கு. ஐடிஇ சீரியல் மொனிட்டரை மூடுங்கோ. லிங்க்ஸ் ஓப்பன் நோடை லூப்புக்கு வெளிய, முன்னுக்கு வையுங்கோ, குளோஸ் நோடைப் பின்னுக்கு. உள்ள வச்சா ஒவ்வொரு சுத்துக்கும் போர்ட்டைத் திறக்கப்பாக்கும். லூப்புக்குள்ள 100 மில்லிசெக்கன் வெயிட் போடுங்கோ, இல்லாட்டி சிபியு கொதிக்கும். சோதிக்க எல்எம்35 வெப்பநிலை சென்சர் போதும்: தட்டை முகம் உங்களைப் பாத்திருக்க இடது கால் 5 வோல்ட், நடு ஏ0, வலது கிரவுண்ட். மாறிக் குடுத்தா விரல் சுடும். வந்த வோல்ட்டை 100ஆல பெருக்கினா செல்சியஸ்.

மட்டக்குளி_மின்:
மொனிட்டர் திறந்துதான் இருந்தது. வேலை செய்யுது, நன்றி. 30.3க்கும் 30.8க்கும் இடையில குதிக்குது, ஏன்?

தெமட்டகொட_டயோட்:
லூஸ் கனெக்ஷன்.

வெள்ளவத்தை_வயர்:
யூனோவில வோல்ட்டை எண்ணாக்கிற ஏடிசி 10 பிட். 5 வோல்ட்டை 1024 ஆப் பிரிச்சா ஒரு படி 4.9 மில்லிவோல்ட், எல்எம்35க்கு அது அரை பாகை. வயரில ஒரு குறையுமில்லை. பத்து ரீடிங் எடுத்து 'மீன்' (சராசரி) போடுங்கோ.

பழைய_ஓம்:
கம்பஸா இல்லையா எண்டு இன்னும் சொல்லேல்லை.