சம்பளத் தேதியில் வரும் சலுகை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சிப்புட் கடைக்காரன்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஃபோன் ரீலோடு, கேமுக்குள் பொருள் வாங்க உதவும் கேம் பின் எண் எல்லாம் விற்கிறேன். எந்த கேம் என்று சொல்லத் தேவையில்லை, எல்லார் வீட்டுப் பையனும் விளையாடுவதுதான். போன மாதம் 7-ஆம் தேதி மாலை நடந்தது இன்னும் மனதை அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்துப் பையன் ஒருவன், இரண்டாம் படிவம். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். கையில் பத்து வெள்ளி நோட்டு. "அண்ணே, சீக்கிரம் பின் கொடுங்க, நாலு நிமிஷம்தான் இருக்கு" என்றான். அவனுக்கு முன்னால் ஒரு பாட்டி அரிசி, பருப்புக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஃபோனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், கால் தரையில் நிற்கவில்லை. திரையில் ஏதோ ஒரு பொருளுக்குச் சலுகை விலை, அதன் மேல் சிவப்பு எழுத்தில் வினாடி குறைந்துகொண்டே போகிறது. பின் அச்சாகி வெளியே வருவதற்குள் பூஜ்யம். பையன் முகம் செத்துப்போய்விட்டது. பத்து வெள்ளியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் கேமை மூடித் திறந்தான். அதே பொருள், அதே விலை! மேலே "கடைசி வாய்ப்பு" என்று புதுப் பெயர் மட்டும் போட்டிருந்தது. மறுபடியும் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வீட்டுக் கணக்கு என்னிடம் கடன் எழுதும் 555 நோட்டில் இருக்கிறது. அரிசி கடனில் போகிற வீடு அது.

மாத நடுவில் இந்தச் சலுகை அவ்வளவாக வருவதில்லை என்று பையன்களே சொல்கிறார்கள். தோட்டத்துச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வரும் என்பது எங்கேயோ இருக்கும் கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராணி வீட்டு மகள்

எங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்தது. மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். நாய்க்குட்டி வளர்க்கும் கேம், இலவசம் என்று போட்டிருந்தார்கள். ஒரு ராத்திரி விசும்பல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு அழுகிறாள். "அம்மா, அதுக்குப் பசிக்குது, நான் வேணாம்னு அழுத்தினா அது அழுது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். "ஊட்டுகிறேன்" என்று பச்சை நிறத்தில் பெரிய பொத்தான். அதன் கீழே, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் சாம்பல் எழுத்தில், "பட்டினியாக இருக்கட்டும்". மூடுவதற்கு வேறு வழியே இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படியா கேட்பது? அந்தப் பொத்தானை எழுதியவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்குமே என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

பணம் வங்கி அட்டையில் போகவில்லை. என் அம்மாவின் ப்ரீபெய்டு எண்ணில் இருந்த கிரெடிட்டில் போயிருக்கிறது. கேமுக்கான கட்டணத்தை ஃபோன் கிரெடிட்டிலேயே பிடிக்கும் வசதி அது. மறுநாள் அம்மா கிளினிக்குக் கூப்பிடப் பார்த்தபோதுதான் கிரெடிட் இல்லை என்று தெரிந்தது. அவருக்கு மாதம் பத்து வெள்ளி ரீலோடு போதும். அது மொத்தமும் நாய் பிஸ்கட்டுக்குப் போயிருந்தது.

பழைய தண்டல்

எல்லாரும் கம்பெனியைத் திட்டுகிறீர்கள். பிள்ளை கையில் ஃபோனைக் கொடுத்தது யார்? என் பேரனும் என்னிடம் கேட்டான், நான் கொடுக்கவில்லை, என் மகன்தான் கொடுத்துவிட்டான். பள்ளி விடுமுறையில் என் மகன் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையில் பேரன் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஃபோனைப் பிடுங்கியதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். தாத்தா வந்திருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. கண்டிப்பு இல்லாத வீட்டில் எந்தச் சட்டம் போட்டாலும் நிற்காது. கடைக்காரத் தம்பி, நீங்களும் பின் விற்பதை நிறுத்தலாமே?

காலை ஷிப்டு

ஐயா, வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். நானும் வீட்டுக்காரரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஐந்து மணிக்கு ஈப்போ கிளம்புகிறோம். பிள்ளைகள் எழுந்தார்களா, சாப்பிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அந்த ஃபோன்தான் இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழு அதில்தான், வீட்டுப்பாடம் அதில்தான். கொடுக்காமல் எப்படி இருப்பது?

நீங்கள் தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டலாக இருந்தவர், உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில் சம்பள நாள் அன்று கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே திறந்து வைத்திருந்தார்கள். குடித்தவனைத் திட்டினோம், சரி. கடையை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்றும் நம் ஆட்கள் கேட்டார்களே, மறியல் செய்தார்களே. இப்போது அந்தக் கடை பிள்ளையின் தலையணைக்கடியில் இருக்கிறது.

என் கதை சின்னது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். என் மகன் கேம் வீரனுக்கு மாட்ட வாங்கிய ஒரு 'ஸ்கின்' உடை அதைவிட விலை அதிகம். அவனிடம் கேட்டேன். "அது வெள்ளி இல்லம்மா, டைமண்ட்" என்றான். கேமுக்குள் காசுக்கு அந்தப் பெயர். பணம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

கே.எல்.இல் இருக்கும் சிப்புட் பையன்

கடைக்கார அண்ணன் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படிக்கும்போது தலைநகரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பயிற்சிக்கு இருந்தேன், பெயர் வேண்டாம். கேம் கம்பெனிகளுக்கு 'யாருக்கு எப்போது எந்தச் சலுகையைக் காட்டுவது' என்று பார்த்துக் கொடுப்பதுதான் வேலை.

சம்பளத் தேதி யாருக்கும் தெரிய வேண்டாம், அண்ணே. ஒவ்வொரு ஆண்டிராய்டு ஃபோனுக்கும் விளம்பர அடையாள எண் ஒன்று இருக்கிறது. கேம், டார்ச் லைட், ராசிபலன் ஆப், எல்லாவற்றுக்குள்ளும் விளம்பரக் கம்பெனிகளின் நிரல் உட்கார்ந்திருக்கும். எல்லாம் அதே எண்ணைத்தான் பார்க்கின்றன. அதனால் ஓர் ஆப்பில் செய்ததையும் இன்னோர் ஆப்பில் செய்ததையும் ஒன்றாகக் கோர்த்துவிடலாம். ஒருவர் எந்தத் தேதியில் பணம் கட்டினார், எத்தனை மணிக்கு விளையாடுகிறார், தோற்றதும் எவ்வளவு நேரத்தில் மூடுகிறார் என்று கணினி எழுதிக்கொண்டே போகும். சில மாதம் போனால், இவருக்கு மாத ஆரம்பத்தில் காட்டினால் வாங்குவார் என்று அதுவே கண்டுபிடித்துவிடும். காரணம் அதற்குத் தேவையில்லை.

எனக்கு மறக்காதது ஒரு வரிசை. திரையில் ஆளுக்கு ஒரு வரிசை என்று ஆயிரக்கணக்கில் இருந்தது, பெயர் எதுவும் கிடையாது. ஒன்றில் ஃபோன் மாடல் மலிவானது, இருப்பிடம் சுங்கை சிப்புட். யாரோ இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று கொடுத்திருக்கிறார்கள். கடைசியாகப் பணம் கட்டிய தேதிகள் எல்லாம் 7, 8, 9. பக்கத்தில் 'கேமை விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம், 9.90 சலுகை காட்டவும்'. யார் வீட்டுப் பிள்ளையோ! என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவனின் தம்பியாகக்கூட இருக்கலாம். அதிகம் செலவு செய்பவர்களைத் திமிங்கிலம் என்றும், கொஞ்சமாகச் செலவு செய்பவர்களை மீன்குஞ்சு என்றும் இந்தத் தொழிலில் சொல்வார்கள். நம் ஊர் வரிசை மீன்குஞ்சுப் பட்டியலில் இருந்தது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

தண்டல் ஐயா, கண்டிப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் கேமின் எபிக் கம்பெனி, அங்குள்ள வணிக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் 24.5 கோடி, மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க. பொத்தான்களை அமைத்த விதத்தாலேயே தெரியாமல் பணம் போனது, திரை ஏற்றமாகும்போது தவறி அழுத்தினால்கூடக் கட்டணம் விழுந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. மீதி 27.5 கோடி, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேர்த்ததற்கு. அத்தனை வீட்டிலுமா கண்டிப்பு இல்லை?

லிந்தாங் பக்கம்

இலவச டைமண்ட் லிங்க் பற்றி யாரும் எழுதவில்லையே. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கேம் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தான். அப்புறம் ஃபோனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது, அதையும் கொடுத்தான். ராத்திரியே அவன் கணக்கிலிருந்து கூட்டாளிகள் எல்லாருக்கும் "அவசரம், 50 வெள்ளி அனுப்பு" என்று போயிருக்கிறது. ஒருவன் அனுப்பியும்விட்டான். தம்பி அவன் வீட்டு வாசலில் போய் நின்று அவனுடைய அப்பாவிடம் விளக்கம் சொன்னதை நான் பார்த்தேன். அவன் குரல் நடுங்கியது இன்னும் காதில் கேட்கிறது.

கணினி வாத்தியார்

எனக்கு நடந்தது ஒன்றே ஒன்று. பசார் மாலாம் இரவுச் சந்தையில் அதிர்ஷ்டக் குலுக்கல் என்று ஒரு கூடாரம். நான்காம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி அம்மாவின் அடையாள அட்டை எண்ணை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள், ஒரு பவுடர் டப்பாவுக்காக. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். தலையிட்டு நிறுத்தினேன்.

இப்போது எல்லாரும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ப்ளே ஸ்டோர் அமைப்பில் எல்லா வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒரு முறை என்றும் ஒரு தேர்வு இருக்கிறது, அது போதாது, அந்த அரை மணியில் பிள்ளை இஷ்டத்துக்கு வாங்கலாம். குடும்பக் குழு அமைத்து, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்று வைத்தால், பிள்ளை ப்ளே ஸ்டோர் வழியாக வாங்குவதற்கு உங்கள் ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும். ஃபோன் கிரெடிட்டில் கட்டணம் பிடிப்பதைத் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கிராணி வீட்டு அம்மா, கூகுள் ப்ளேயில் வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களோ செய்யாத கட்டணம் என்றால் 120 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். லிந்தாங் தம்பி, பணம் மோசடிக்காரன் கணக்குக்குப் போனதும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

கேமில் காசு கொடுத்துத் திறக்கும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டி பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று போட்டிருந்தால், 100 தடவை திறந்தால் கட்டாயம் வரும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. 100 தடவை திறந்த 100 பேரில் சுமார் 36, 37 பேருக்கு அந்தப் பொருள் கிடைக்கவே கிடைக்காது. வகுப்பில் காசைச் சுண்டி விளையாடிக் காட்டினேன், அப்புறம்தான் நம்பினார்கள். பெல்ஜியத்தில் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி சூதாட்டம்தான் என்று அங்குள்ள ஆணையம் சொல்லிவிட்டது. நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பரில். உங்கள் தகவலை வைத்து விளம்பரம் செய்யாதே என்று எழுதிக் கொடுக்கும் உரிமை அதில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் செய்த ஒப்பந்தத்தையும் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கேளுங்கள்.

காலை ஷிப்டு

வாத்தியார் ஐயா, நடுவர் மன்றம் இங்கே அலுவலகம் உள்ள கம்பெனிக்குச் சரி. கேம்காரன் வெளிநாட்டில் இருந்தால் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? நீங்கள் சொன்ன 2010 சட்டமும், முழுக்க நாட்டுக்கு வெளியே கையாளும் தகவலுக்குப் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. இங்கே கடை போடாமல் இங்கே காசு எடுக்கிறவனைக் கட்டுப்படுத்தத்தான் சட்டம் வேண்டும். அதை எம்.பி.யிடம் கேட்கலாம். நம் ஊர்த் தொகுதிக்காரர் கோயில் திருவிழாவுக்கு வருவார்தானே, மனுவை நான் எழுதுகிறேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய தண்டல்

நான் போடுகிறேன். பேரனைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அந்த நாய்க்குட்டி விஷயம் அநியாயம்.

கிராணி வீட்டு மகள்

எனக்கும் ஓர் இடம் வையுங்கள் அக்கா. 48 மணி நேரம் தாண்டிவிட்டது, இருந்தாலும் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. மகள் இப்போது அந்த கேம் பக்கம் போவதில்லை. ஆனால் நாய்க்குட்டி செத்திருக்குமா என்று நேற்றுகூடக் கேட்டாள்.

சிப்புட் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த விளம்பர எண்ணை நீக்க முடியுமா? அம்மாவின் ஃபோனில் தேடினேன், 'நீக்கு' என்று எதுவும் வரவில்லை.

கே.எல்.இல் இருக்கும் சிப்புட் பையன்

முடியும் அக்கா. அமைப்பில் தனியுரிமை, அதற்குள் விளம்பரங்கள். புது ஃபோனில் 'விளம்பர எண்ணை நீக்கு' என்று இருக்கும். அம்மாவின் ஃபோன் பழைய ஆண்டிராய்டு போலிருக்கிறது, அதில் 'மீட்டமை' என்பதும், விளம்பரத் தனிப்பயனாக்கத்திலிருந்து விலகும் சுவிட்சும் இருக்கும். இரண்டையும் செய்யுங்கள். முடித்ததும் இருப்பிட அனுமதிக்குப் போய், 'எப்போதும்' என்று இருக்கும் ஆப்களையெல்லாம் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். டார்ச் லைட்டுக்கும் ராசிபலனுக்கும் அதுவும் வேண்டாம், மறுத்துவிடுங்கள். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். மனுவில் கையெழுத்துப் போட வருகிறவர்கள் பாட்டி, தாத்தா ஃபோன்களையும் கையோடு எடுத்துவாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.