பாளை வீட்டுக் குரூப், 24 ஜூலை 2024, புதன் ராத்திரி

அம்மா (8:41): எல்லாரும் இருக்கீங்களா. பாப்பா டிக்கெட் விஷயம் இன்னைக்கு முடிவு பண்ணணும். அமெரிக்காவுல அவ படிக்கப் போற ஸ்ப்ரிங்ஃபீல்டுலதான் அந்தப் பொம்பளையைப் போலீஸ் சுட்டிருக்கு. வீடியோ பார்த்ததுல இருந்து சோறு இறங்கல

சித்தி: எந்த வீடியோ

சென்னை அத்தான்: சோனியா மாஸி. நீங்க பார்க்காதீங்க

சித்தி: ஆடியில அனுப்பாதீங்கன்னு நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேன். ஆவணி பிறக்கட்டும்

நான்: ஆவணி பிறக்கதே ஆகஸ்ட் 17 சித்தி. நான் 11-ந்தேதி ஏறணும்

பெரியப்பா: பயப்படாதே பாப்பா. போலீஸ் சும்மா சுடாது. அவ கையில கொதிக்கிற தண்ணி இருந்திருக்கு

தூத்துக்குடி மாமா: சும்மா சுடாதா

சித்தி: ஆரம்பிச்சாச்சு

நேப்பர்வில் அண்ணன்: 🎤 வாய்ஸ் நோட் 4:12

சித்தி: இங்க டிவி ஓடுது. டைப் பண்ணுய்யா

நேப்பர்வில் அண்ணன்: சரி சித்தி, முழுசா சொல்லுதேன். ஜூலை 6 நடுராத்திரி தாண்டி. வீட்டைச் சுத்தி யாரோ நடமாடுத மாதிரி இருக்குன்னு அவங்களேதான் 911-க்குப் போன் பண்ணியிருக்காங்க. 36 வயசு, ரெண்டு பிள்ளைங்க. ஷெரீஃப் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து வெளிய தேடிப் பார்த்துட்டு, உள்ள வந்து அடையாள அட்டை கேக்காங்க. அடுப்புல சட்டி இருக்கு. தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு சொன்னதே போலீஸ்தான். அதைக் கேட்டுத்தான் அவங்க எந்திரிச்சுப் போய் சட்டியைத் தூக்குதாங்க. ஒருத்தன் பின்வாங்குதான். எங்க போறீங்கன்னு இவங்க கேக்காங்க. உங்க கொதிக்கிற தண்ணிகிட்ட இருந்து தள்ளிப் போறேன்கான். அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் சாதாரணப் பேச்சுதான். அப்ப அவங்க 'இயேசுவின் நாமத்தில் உன்னைக் கடிந்துகொள்கிறேன்'னு சொல்லுதாங்க

சித்தி: நம்ம பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஜெபத்துல சொல்லுத வார்த்தை

நேப்பர்வில் அண்ணன்: ஆமா, அதேதான். அதுக்கு அவன் துப்பாக்கியை எடுத்து, மூஞ்சியிலயே சுட்டுருவேன்னு கத்துதான். இவங்க சாரின்னு சொல்லிக்கிட்டே குனியுதாங்க. மூணு தடவை சுட்டான்

அம்மா: குனிஞ்சவளை

நேப்பர்வில் அண்ணன்: இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, சுட்டவன் தன் சட்டையில இருந்த கேமராவைச் சுட்டதுக்கு அப்புறம்தான் ஆன் பண்ணியிருக்கான். கூட வந்தவன் கேமரா முதல்ல இருந்தே ஓடுச்சு. நாம பார்க்கிறது அவன் கேமரா எடுத்தது. அன்னைக்குப் போலீஸ் ரேடியோவுல 'தானே சுட்டுக்கிட்டது'ங்கற மாதிரி பேச்சு போயிருக்கு. வீட்டாளுங்களுக்கும் முதல்ல அப்படித்தான் தோண வச்சாங்கன்னு சொல்லுதாங்க. அந்த ரெண்டாவது கேமரா மட்டும் இல்லைன்னா, அதுதான் கடைசி வரைக்கும் நின்னிருக்கும்

சென்னை அத்தான்: 😔

சித்தி: பாப்பாவுக்குக் குக்கர் வாங்கியாச்சா? எத்தனை கிலோ விடுவான்

நான்: ரெண்டு பெட்டி, 23 கிலோ வீதம்

பெரியப்பா: அவனை வேலையை விட்டுத் தூக்கி ஜெயில்லயும் போட்டாச்சுல்லா. சட்டம் வேலை செய்யுது. ஒருத்தன் செஞ்சதுக்கு ஊர்ல உள்ள போலீஸ் எல்லாரையும் பேசக் கூடாது. யூனிபார்ம் போட்டவனுக்குத்தான் அந்த நிமிஷம் தெரியும்

தூத்துக்குடி மாமா: வீடியோ இருந்ததால வேலை செய்யுது

நேப்பர்வில் அண்ணன்: அப்பா, மாமா சொல்லுதது சரிதான். 2014 அக்டோபர்ல இங்க சிகாகோவுல லக்வான் மெக்டொனால்டுன்னு 17 வயசுப் பையன். கத்தியோட போலீஸ் மேல பாய்ஞ்சான்னுதான் முதல்ல சொன்னாங்க. ஸ்பாட்ல நின்ன மத்த போலீஸ்காரங்க எழுதிக் கொடுத்ததும் சுட்டவர் சொன்னதுக்கு ஒத்துத்தான் இருந்துச்சு. 400 நாள் கழிச்சு, கோர்ட் சொல்லித்தான் கார் கேமரா வீடியோ வெளிய வந்துச்சு. பையன் விலகித்தான் நடந்து போறான். 16 குண்டு. இப்ப ஸ்ப்ரிங்ஃபீல்டு வீடியோ 16 நாள்ல வந்திருக்கு. இடையில இங்க ஜனங்க போராடின போராட்டம் கொஞ்சம் இல்ல

பெரியப்பா: அப்ப கேமரா மாட்டிட்டா எல்லாம் சரியாயிருமா

நேப்பர்வில் அண்ணன்: ஆகாதுப்பா. வாஷிங்டன்ல 2,000 போலீஸுக்கு மேல வச்சு ஆராய்ச்சி பண்ணி 2017-ல முடிவு சொன்னாங்க. கேமரா மாட்டினவங்களும் மாட்டாதவங்களும் கை ஓங்குறதுல பெரிய வித்தியாசமே தெரியல

பெரியப்பா: பார்த்தியா

நேப்பர்வில் அண்ணன்: ஆனா போலீஸ் எழுதுத ரிப்போர்ட்டை வேற எதோட ஒத்துப் பார்க்க? செத்தவங்க வந்து சொல்ல முடியாதுல்லா

சித்தி: பொடி மட்டும் ரெண்டு கிலோ. எள்ளு போட்டதா போடாததா

தூத்துக்குடி மாமா: 2018 மே 22, 23, ஸ்டெர்லைட் போராட்டம். எங்க ஊர்ல 13 பேர். வேன் மேல ஏறி நின்னு குறி பார்த்ததை எடுத்தது டிவிக்காரன் கேமரா, போலீஸ் கேமரா இல்ல. அப்பவும் இந்தக் குரூப்ல 'சும்மா சுடாது'ன்னுதான் மெசேஜ் வந்துச்சு. நான் மறக்கல

பெரியப்பா: கலெக்டர் ஆபீஸ்ல வண்டியைக் கொளுத்தினது யாரு

தூத்துக்குடி மாமா: அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022-ல சட்டசபையிலயே வச்சாச்சு. ஓடினவங்களைச் சுட்டிருக்காங்கன்னு இருக்கு. 17 போலீஸ்காரங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கு. படிச்சுப் பாருங்க

அம்மா: தம்பி, போதும்

சென்னை அத்தான்: 11-ந்தேதி டிக்கெட்டை மாத்தினா எவ்வளவு பிடிப்பான்னு பார்க்கட்டா

நான்: மாத்த வேண்டாம் அத்தான்

அம்மா: நீ சும்மா இரு

பெரியப்பா (9:37): 32 வருஷ சர்வீஸ். 'தப்பி ஓட முயன்று வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது'ன்னு ஒரு தடவை நானும் எழுதியிருக்கேன். எழுதச் சொன்னாங்க, எழுதினேன். அந்தப் பையன் விழல

பெரியப்பா: அப்ப அங்க கேமரா இருந்திருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். அவ்வளவுதான்

தூத்துக்குடி மாமா (9:52): அத்தான் சாப்பிட்டீங்களா

பெரியப்பா: ரெண்டு இட்லி

நேப்பர்வில் அண்ணன்: அப்பா, கூப்பிடட்டா

பெரியப்பா: வேண்டாம். உனக்கு ஆபீஸ் நேரம்

சித்தி: ஆடி வெள்ளிக்குக் கோயில்ல பொங்கல் வைக்கோம், ஆகஸ்ட் 2. தூத்துக்குடியில இருந்து யாரு வாறீங்க? ஆறு வருஷமா இதே கேள்விதான் கேக்கேன்

தூத்துக்குடி மாமா: பார்ப்போம்

அம்மா: எல்லாரும் எல்லாத்தையும் பேசியாச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க ராத்திரி இவ வீட்டு வாசல்ல யாராவது வந்து நின்னா, இவ யாருக்குப் போன் பண்ணணும்?

நேப்பர்வில் அண்ணன்: 911-தான் சித்தி. வேற நம்பர் கிடையாது. போலீஸ் வந்ததும் கையில எதையும் வச்சிருக்கக் கூடாது, ரெண்டு கையும் தெரியுற மாதிரி நிக்கணும், தானா எந்திரிச்சு எதையும் எடுக்கப் போகக் கூடாது

அம்மா: அவ போலீஸ் சொல்லித்தானே சட்டியை எடுத்தா

நேப்பர்வில் அண்ணன்: ஆமா சித்தி

நேப்பர்வில் அண்ணன்: எனக்கும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. உடனே காரை எடுத்துருவேன்

அம்மா: நீ வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்லா

சென்னை அத்தான்: டிக்கெட்டை நாளைக்குப் பேசுவோம். அதுவரைக்கும் யாரும் எதையும் கேன்சல் பண்ணாதீங்க

சித்தி: எள்ளு போட்டே அரைக்கேன்