சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். வாங்குவது எப்படி?

வணக்கம். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த தம்பியின் பைக் திருடு போய் 12 நாள் ஆகிறது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான அத்தாட்சி) மட்டும் கொடுத்தார்கள், அதிலும் வண்டி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. எஃப்.ஐ.ஆர். கேட்டால் ‘தேடிக்கிட்டுதான் இருக்கோம், அடுத்த வாரம் வாங்க’ என்கிறார்கள், இன்சூரன்ஸ்காரரோ அது இல்லாமல் ஃபைலைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கு பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.-யின் 379-ஆம் பிரிவு போய், புதிய சட்டமான பி.என்.எஸ்.-ன் 303 வந்துவிட்டது, சரி. பதிவு செய்ய மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி எஸ்.பி.க்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு) தபாலில் புகார் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று படித்தேன். யாராவது அப்படி அனுப்பியிருக்கிறீர்களா? நாங்கள் சென்னை, அப்படியென்றால் எஸ்.பி.க்குப் பதில் துணை கமிஷனருக்கா எழுத வேண்டும்? அப்புறம், அந்தத் தப்பான எண்ணை முதலில் திருத்தியாக வேண்டுமா?