சுழல் ஒளிக்கற்றையின் முறுக்கு எண் மாறாது என்றால் தகவலும் சிதையாதா?

மல்லேஸ்வரம் மாணவி:
வணக்கம். பெங்களூரில் முதுகலை இயற்பியல் பயில்கிறேன். சுழல் ஒளிக்கற்றையில் அலை திருகுபோல் முறுக்கிச் செல்கிறது. அதன் நடுவிலுள்ள இருட்புள்ளியை ஒருமுறை சுற்றிவந்தால் அலையின் கட்டம் (அலைவில் அது எட்டியுள்ள நிலை) 2π-யின் முழு எண் மடங்காக மாறுகிறது. முறுக்கு எண் எனப்படும் அந்த முழு எண் சிறிது சிறிதாகத் தேய வழியில்லை. ஆகவே அதில் ஏற்றிய தகவல் காற்றின் கொந்தளிப்பிலும் சிதையாது என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. முன்னதிலிருந்து பின்னது எப்படிப் பெறப்படுகிறது?

ஜாலஹள்ளி வாசகர்:
பெறப்படவில்லை என்பதே என் கருத்து. முறுக்கு எண் 3 உடைய கற்றை ஒன்று சூடான காற்றைக் கடக்கும்போது, இடத்துக்கு இடம் மாறும் ஒளிவிலகல் எண்ணால் அதன் இருட்புள்ளி மூன்று ஒற்றைச் சுழல்களாகப் பிரிந்து விலகும். கூட்டுத்தொகை 3 ஆகவே இருக்கும். ஆனால் ஏற்பி சுழல்களை எண்ணுவதில்லை, மூன்றாம் பாங்கில், அதாவது முறுக்கு எண் 3-க்கு உரிய அலைவடிவில், எவ்வளவு ஒளி இருக்கிறது என்றே அளக்கிறது. அந்த ஒளியோ 2, 4 ஆகிய அண்டைப் பாங்குகளுக்குள் கசிந்திருக்கும். 2013-இல் 1.1 கி.மீ. ஒளியிழையில் வினாடிக்கு 1.6 டெராபிட் அனுப்பிக் காட்டினார்கள் என்றால், பாங்குகள் ஒன்றோடொன்று கலவாதபடி வளைய வடிவில் அந்த இழையை அமைத்ததற்கே பெருமை சேரும்.

மல்லேஸ்வரம் மாணவி:
நன்றி ஐயா. இந்தப் பிரிவை எங்கள் ஆய்வகத்திலேயே பார்க்க முடியுமா?

ஜாலஹள்ளி வாசகர்:
முடியும். கற்றையை, சற்றே சாய்ந்து வரும் சமதள அலையுடன் குறுக்கிடச் செய்யுங்கள். குறையற்ற கற்றையில் ஒரே இடத்தில் ஒரு கோடு நான்காகக் கிளைக்கும். கற்றையின் கீழே சூடான பற்றவைப்புக் கோலை வைத்தால், ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கும் மூன்று கவைகள் தனித்தனியே தோன்றி அலையும். கற்றையை உண்டாக்கும் ஹாலோகிராம் சுமாரானது என்றால் கோல்கூடத் தேவையில்லை, அவை முன்பே பிரிந்திருக்கும்.

யஷ்வந்த்பூர் ஆய்வாளர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் எண்ணையே நேரடியாகப் படிக்கும் வழியும் உண்டு. ஸ்கிர்மியான் எனப்படும் அமைப்பில், கற்றையின் குறுக்குவெட்டில் காணும் தளவிளைவு நிலைகள் (ஒளியின் மின்புலம் அதிரும் விதங்கள்), அந்நிலைகள் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் புவான்காரே கோளத்தை எத்தனை முறை மூடுகின்றன என்பதே அந்த எண். (அக்கோளத்தில் தளவிளைவு ஒரு சுற்று வந்தால் கூடுதல் கட்டம் சேரும் என்று 1956-இல் காட்டியவர், நம் ஊர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பஞ்சரத்தினம். இன்று சுழல் கற்றைகளை உண்டாக்கும் மெல்லிய திரவப்படிகத் தகடுகள் அந்தக் கட்டத்தையே பயன்படுத்துகின்றன.) 2024-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தினர், குவாண்டம் பின்னல் கொண்ட (தனித்தனியே விவரிக்க முடியாதபடி நிலைகள் பிணைந்த) ஃபோட்டான் இணைகளில் இத்தகைய எண்ணை அமைத்து, பின்னல் நலிந்து வரும்போதும், அது முற்றிலும் மறையும்வரை எண் மாறாமல் நிற்பதைக் காட்டினர். நீங்கள் தேடும் உறுதி இங்கே இருக்கிறது. ஆனால் ஒரே ஓர் எண்ணை அறிய, கற்றை முழுவதிலும் புள்ளிக்குப் புள்ளி தளவிளைவை அளந்தாக வேண்டும் என்பதால், விரைவான தொலைத்தொடர்புக்கு இதை உடனே பயன்படுத்துவது கடினம்.