கணையக் கட்டி திரும்ப வந்தவங்க, ஈரலுக்குப் பரவுனவங்க அனுபவம் சொல்லுங்க

பாம்பன்:
எங்க சித்தப்பாவுக்கு இன்சுலினோமா, அதாவது கணையத்துல இருக்க கட்டியே இன்சுலினைச் சுரந்து தள்ளிக்கிட்டு இருக்கும், வெறும் வயித்துல சுகர் சடார்னு இறங்கிரும். விடியக்கருக்கல்ல வலை இழுக்கும்போது வேர்த்துக் கொட்டி பேச்சு குழறிருச்சு, கூடப் போனவுக தண்ணி போட்டுட்டு வந்திருக்காருன்னே நெனச்சாக, சீனித்தண்ணி குடிச்சா ஆளு பழையபடி ஆயிருவாரு. ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு, நல்லாத்தான் கடலுக்குப் போய்க்கிட்டு இருந்தாரு, அப்புறம் அதே வேர்வை. ஸ்கேன்ல ஈரல் பூரா புள்ளி புள்ளியா.

கணையப் புத்துன்னாலே ஊர்ல நாள் குறிச்சிர்றாங்க, எரிச்சலா வருது. இது நியூரோ எண்டோக்ரைன் வகை, அதாவது ஹார்மோன் செல்லுல கெளம்புறது, பெரும்பாலும் மெதுவா வளர்றது. பயாப்சி ரிப்போர்ட்ல கேஐ 67னு ஒரு சதவீதம் இருக்கும், கட்டி எம்புட்டு வேகமா வளருதுன்னு காட்டுறது, 3க்குக் கீழன்னா கிரேடு 1, 20 வரை கிரேடு 2, அதுக்கு மேல 3. அதை மொதல்ல பாருங்க. சித்தப்பாவுக்கு கட்டி வளர்றதை அடக்குற எவரோலிமஸ் மாத்திரை 10 மில்லிகிராம் தெனமும். சுகரை ஏத்தி விடுறது அந்த மாத்திரையோட பக்கவிளைவு, இவருக்கு அதுவே நல்லதாப் போச்சு! ஆனா வாயெல்லாம் புண்ணு, மீன்கொழம்பு பக்கமே போக முடியல, டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்து கலந்த தண்ணில வாய் கொப்பளிக்கச் சொன்ன பொறகுதான் தேவலை.

கீழக்கரை:
எங்க வாப்பாவுக்கும் இதே கட்டிதான், ஆனா ஹார்மோனைச் சுரந்து தள்ளாத வகை தம்பி. கட்டி வளராம அடக்கி வைக்க லான்ரியோடைடு 120 மில்லிகிராம் ஊசி, 28 நாளுக்கு ஒருதரம், மதுரைல வாங்கிட்டு வர்றோம். 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், நம்ம பக்கம் ஐஸுக்கா பஞ்சம்னு மீன் பொட்டில ஐஸ் மேலயே வச்சிறாதீங்க, உறைஞ்சிருச்சுன்னா அம்புட்டுக் காசும் போச்சு. போடுறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைக்கணும். மருந்து கெட்டியா இருக்கும், நர்ஸ் அவசரப்பட்டா மெதுவான்னு சொல்லுங்க. ஒண்ணு, இந்த வகை ஊசி இன்சுலினோமாக்காரவுகள்ல சிலருக்கு சுகரை இன்னும் எறக்கிரும், டாக்டர்ட்ட கேக்காம போடாதீங்க.

தொண்டி:
அம்மாவுக்கு லூட்டீசியம் 177 குடுத்தாங்க, நரம்புல ஏத்துற கதிரியக்க மருந்து, கட்டில போய் ஒட்டிக்கிட்டு அங்கேயே கதிர் குடுக்கும், வழக்கமா 8 வாரத்துக்கு ஒண்ணுன்னு 4 டோஸ். இந்த வகைக் கட்டியைக் காட்டுற காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன்ல கட்டி எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சாதான் இது வேலைக்காகும். கிட்னியைக் காப்பாத்த அமினோ ஆசிட் டிரிப் ஏத்துவாங்க, வாந்தி வர்றது பெரும்பாலும் அதுனாலதான், முன்னாடியே வாந்தி மருந்து குடுத்துருவாங்க. உடம்புல கதிர் இருக்கும்ங்கிறதால வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் பேரப்புள்ளைகள், மாசமா இருக்க மருமக கிட்ட ஒட்டாம இருக்கணும், அதுக்குத்தான் அம்மா ஒரே சண்டை. நாங்க மொதல்ல காட்டுன எடத்துல இப்டி ஒரு வைத்தியம் இருக்குன்னே யாரும் சொல்லல.

பாம்பன் தம்பி, சித்தப்பாவுக்கு அந்த காலியம் ஸ்கேன் எடுத்தாச்சா? எடுத்திருந்தா ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க.