மாரடைப்புக்கு ஆன்ரில் மீது பழி போடலாமா? (புனைபெயர்களில் மூவர் பேசும் உரையாடல்)

வேர்க்கடலை: 2007-இல் மாரடைப்பின் மரபணு வேரைத் தேடிய குழுக்கள் தனித்தனியாகப் போய் ஒரே இடத்தில் நின்றன: ஒன்பதாம் குரோமோசோமின் 9பி21 பகுதி. அங்கே கொலஸ்ட்ரால் மரபணு எதுவும் இல்லை. இருப்பது ஆன்ரில் என்ற நீண்ட ஆர்.என்.ஏ.; அதிலிருந்து புரதம் உருவாவதே இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்த ஆபத்து வடிவத்தைத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பெற்றிருக்கிறார். புரதம் தரவில்லை என்பதற்காக இன்னுமா இதை எதற்கும் உதவாத ‘குப்பை டி.என்.ஏ.’ என்பது?

சோதனைக்குழாய்: தம்பி, திருட்டு நடந்த தெருவில் குடியிருப்பதாலேயே ஒருவன் திருடனாகிவிட மாட்டான். செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் இரண்டு மரபணுக்கள் அதே தெருவில்தான் இருக்கின்றன. 2010-இல் எலியில் இதற்கு இணையான பகுதியை நீக்கிப் பார்த்தார்கள். இதயத்தில் அந்த இரண்டும் அடங்கிப்போயின. வளர்ப்புத் தட்டில் தமனித் தசைச் செல்கள் மட்டுமீறிப் பெருகின. ஆனால் தமனியில் கொழுப்புப் படிவு கூடவில்லை. அங்கே ஆன்ரிலுக்கு என்ன வேலை?

வேர்க்கடலை: எலியை வைத்து மனிதத் தமனிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஐயா. 2016-இல் வட்டமாக வளைந்த ஆன்ரிலைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அது பெஸ்1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம்களின் உற்பத்தி தடைபட்டு, செல் பெருக்கம் தணிகிறது. இது வேலை இல்லையா?

சோதனைக்குழாய்: வேலைதான். ஆனால் அந்த வட்ட ஆன்ரில் தமனியைக் காக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு! நீங்கள் குற்றவாளி என்று பிடித்துவந்தவரே காவல்காரராக நிற்கிறார். புரதம் தராத இன்னொன்று, மைக்ரோ ஆர்.என்.ஏ.-33 என்ற குட்டி ஆர்.என்.ஏ.; அதன் கதையும் தெரியும்தானே? 2011-இல் அதை முடக்கியபோது குரங்குகளுக்கு நல்ல கொலஸ்ட்ரால் உயர்ந்தது, கொண்டாடினார்கள். 2014-இல், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கு அதே முடக்கும் மருந்தை நீண்ட நாள் கொடுத்தபோது டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறியது, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது.

வேர்க்கடலை: இப்போது மட்டும் எலி சாட்சி செல்லுமா?

மூன்றாம்தெரு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும், கொழுப்பைக் குறைக்கும் ஊசி என்கிறார்களே, அது இந்த வகையா?

வேர்க்கடலை: ஆமாம்! இன்க்ளிசிரான். 2020 டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதுவும் புரதம் தராத ஆர்.என்.ஏ.தான், கெட்ட கொலஸ்ட்ராலைப் பாதியளவுக்குக் குறைக்கிறது.

சோதனைக்குழாய்: அரை உண்மை. மருந்து ஆர்.என்.ஏ.தான், ஆய்வகத்தில் செய்தது. அது கல்லீரலுக்குள் போய்ச் சிதைப்பது பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்துக்கான செய்தியை. ஆன்ரில் வழக்கில் இதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. மூன்றாம்தெரு, இதைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். ஊசி வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

வேர்க்கடலை: சரி, சிகிச்சையை விடுங்கள். இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவைப் பார்த்தே அடைப்பைக் கண்டுபிடித்துவிடலாமே?

சோதனைக்குழாய்: அந்தக் குழாய்களைக் கையில் பிடிப்பவன் நான். ஊசியை அவசரமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து, வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஜா நிறமாகிவிடும். சிவப்பணுவுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ.-451 குவிந்து கிடக்கிறது. அது கொட்டியதும் கணக்கு தாறுமாறாகும். ஆஞ்சியோ அறையிலிருந்து வரும் இரத்தத்தில், உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் இருக்கும், அது மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளக்க உதவும் பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும். நோயாளியின் குழாயில் ஹெப்பாரின், நலமானவரின் குழாயில் இல்லை என்றால் இரண்டுக்கும் நடுவே வேறுபாடு தெரியத்தானே செய்யும்?

வேர்க்கடலை: ஹெப்பாரினைச் சிதைக்கும் நொதி இருக்கிறதே, ஐயா.

சோதனைக்குழாய்: இருக்கிறது. இரண்டு தரப்புக் குழாய்களிலும் போட்டேன் என்று எழுதியிருக்கும் கட்டுரையைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.